இடரியல்: நியூ மேட்ரிட் படலம்

இடர் இருவகைத்து: அட்டவணையில் ஏறியது, ஏறாதது. ஏறியவை பதினெட்டு என்பது அமெரிக்க நடுவண் பேரிடர் முகமை வகுத்த கணக்கு. நிலநடுக்கம், ஆற்றுவெள்ளம், ஆலங்கட்டி, ஆழிப்பேரலை, எரிமலை என்று அது விரியும். மிசூரி மாநிலத்தின் தென்கிழக்கில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், பருத்தியும் சோயாவும் நெல்லும் விளைகிற நியூ மேட்ரிட் கவுண்டிக்கு ஆழிப்பேரலை எங்ஙனம் வரும் என்பார்க்கு: வாராது. ஆயினும் கட்டம் உண்டு. அதில் ‘பொருந்தாது’ என்று குறிப்பதும் மதிப்பீட்டின்பாற் படும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை இடர்தணிப்புத் திட்டத்தைப் புதுப்பிக்காத கவுண்டிக்குத் தணிப்பு மானியம் இல்லை. ஆகவே திட்டம் எழுத ஊர்தோறும் புலவர் பலர் தோன்றினர்.

யாம் வகுப்பது வேறு. இடர், வினை நோக்கி மூன்றாம்: தன்வினை, எதிர்மறை வினை, பிறவினை. சூறைக்காற்று முதலியன தன்வினையுள் அடங்கும், விரிப்பின் பெருகும்.

தன்வினையாவது நிலம் தானே நடுங்குவது. 1811 டிசம்பர் 16-இல் தொடங்கி 1812 பிப்ரவரி வரை இங்கே நிலம் மீண்டும் மீண்டும் குலுங்கியது. மிசிசிப்பியே சற்று நேரம் பின்னோக்கி ஓடிற்று. டென்னசிப் பக்கம் ரீல்ஃபுட் ஏரி பிறந்தது. நிலம் இழந்தோர் வேறிடத்து அரசு நிலம் பெறலாம் என 1815-இல் சட்டம் வந்தது. சட்டச் செய்தி ஊரை எட்டுமுன் தரகர் எட்டி, உரிமைகளை அற்ப விலைக்கு வாங்கிக்கொண்டனர். இத்தரகரைப் பின்னதிர்வு எனக் கொள்வாரும் உளர்.

எதிர்மறை வினையாவது வராத இடர். சூரிய சந்திரர் இழுப்பால் 1990 டிசம்பர் 3-ஐ ஒட்டி இங்கே பெருநடுக்கம் வரக்கூடும் என்றார் ஐபன் பிரவுனிங். அவர் நிலநடுக்க இயல் கற்றவர் அல்லர், கற்றவர்கள் மறுத்தார்கள். பள்ளிகள் மூடின, தொலைக்காட்சி வண்டிகள் குவிந்தன, டி-ஷர்ட் விற்றது. நிலம் மட்டும் அசையவில்லை.

பிறவினையாவது பிறர் செய்விக்கும் இடர். அதுவே இந்நூலின் உயிர். 1927 பெருவெள்ளத்துக்குப்பின் 1928-இல் வந்த சட்டம், பேர்ட்ஸ் பாயின்ட்டிலிருந்து நியூ மேட்ரிட் வரை ஒரு வெள்ளவழி வகுத்தது. ஆறு அளவு மீறினால் கரையை உடைத்து நீரை வயல்மேல் விடுவது ஏற்பாடு. 1937-இல் விட்டார்கள். அடுத்து 2011. ஓஹையோவும் மிசிசிப்பியும் கூடுமிடத்துக் கெய்ரோ நகரும் பிற கரைகளும் தப்பவேண்டி, மே 2 இரவு ராணுவப் பொறியாளர்கள் கரைக்கு வெடிவைத்தனர். தடுக்கக் கோரி மிசூரி மாநிலம் உச்ச நீதிமன்றம்வரை போய்த் தோற்றிருந்தது. சுமார் 1,30,000 ஏக்கர் மூழ்கியது. பக்கத்துக் கவுண்டியில் கறுப்பின உழவர்கள் எழுப்பிய பின்ஹூக் என்னும் சிற்றூர் அதே இடத்தில் மறுபடி எழவில்லை.

இது இயற்கைப் பேரிடரோ? நீர் இயற்கை; வெடிமருந்து அன்று. அட்டவணையோ ‘ஆற்றுவெள்ளம்’ என்று முடித்துக்கொள்ளும். அதன் சூத்திரம் இது: ஆபத்துக்கு உட்பட்ட சொத்தின் மதிப்பு, ஆண்டுக்கு நிகழும் தடவை, இழப்பு விகிதம் மூன்றையும் பெருக்க ஆண்டு இழப்பு வரும். வீடு சிலவும் விலை குறைந்தனவுமாக இருக்கும் நாட்டுப்புறத்தில் பெருக்குத்தொகை சிறுக்கும். சிறுத்த இடத்தைப் பார்த்தே பிறர் வெள்ளத்தைத் திருப்ப மனம் வரும். சூத்திரத்தில் பிழையில்லை; அதனால்தான் அதை எதிர்த்து வாதாடுவது கடினம்.

உழவர் ஒப்பினரோ எனின், தேவைப்படும்போது நிலத்தில் நீர் விடும் உரிமையை வெள்ளவழி அமைத்த காலத்திலேயே அரசு நில உடைமையாளரிடம் விலைக்கு வாங்கியது. பணம் ஒரே முறை. பத்திரம் நிலத்தோடு கைமாறி வருகிறது. 2011-இல் பயிர் இழந்தவர்களில் பலர் அந்தப் பணத்தைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர்.