மணி பாயை நனைத்தது ஏன்? ஒரு சிற்றாய்வு

ஆய்வுப் பொருள்: மணி. ஆண், வயது 9, எடை 20 கிலோ. ஆய்வுக் களம்: தர்மபுரியில் எங்கள் வீட்டுக் கூடம். புறக்கடை வேப்பமரத்தைத் தவிர வேறெதையும் நனைத்தறியாத இவன், தை மாதத்தில் ஒரு நாள் கூடத்துப் பாயை நனைத்தான். மறுநாளும் நனைத்தான்.

முதலில் முன்னோர் சான்று. நம் வட்டாரத்து நாய்களில் கல்வெட்டில் பெயர் பெற்றவன் கோவிவன். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுந்த எடுத்தனூர் நடுகல், இன்று பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போய் மாண்ட வீரனோடு இந்த நாயையும் செதுக்கி, அது கள்ளரைக் கடித்த செய்தியையும் பொறித்திருக்கிறார்கள். அது எங்கே ஒன்றுக்குப் போயிற்று என்பது பற்றி மூச்சில்லை. பல்லவர் வரலாற்றில் இது பெருங்குறை.

குறையைத் தீர்க்க முயன்றவர்கள் ஐரோப்பியர். செக், ஜெர்மன் ஆய்வாளர்கள் 70 நாய்களின் பின்னால் இரண்டாண்டு அலைந்து, 5,582 முறை அவை சிறுநீர் கழித்ததைக் குறித்து வைத்தார்கள், மலம் தனிக்கணக்கு. பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருந்தால் நாய் வடக்கு தெற்காக நிற்க விரும்புகிறது என்று 2013இல் எழுதினார்கள். 2014இல் இக் நோபல் பரிசும் வாங்கினார்கள். நானும் கைப்பேசித் திசைகாட்டியோடு மூன்று இரவு கண்விழித்தேன். மணி நின்றது வடகிழக்கு நோக்கி. ஈசானிய மூலை என்று தெரிந்ததும் அம்மா சாமி அறைக் கதவைச் சாத்திவிட்டார்.

அப்பாவின் முடிபு: கொழுப்பு. மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்க்க வேண்டும் என்பது அவர் மரபு. அப்படிச் செய்தால் நாய் கற்பது ஒன்றே: ஆள் பார்க்கும்போது போகக்கூடாது. அடுத்த ஈரம் பீரோவுக்குப் பின்னால் கிடைத்தது.

பக்கத்து வீட்டு அக்கா, "ஒகேனக்கல் தண்ணி அதுக்கு ஒத்துக்கல" என்றார். புளோரைடு கலந்த ஆழ்குழாய்த் தண்ணீரால் பல் கறைபட்ட மாவட்டத்தில் காவிரித் தண்ணீரைப் பழிப்பதா? ஒதுக்கிவிட்டேன். ஆனால் தண்ணீர் என்ற சொல் மட்டும் உறுத்தியது. அரை லிட்டர் சொம்பால் அளந்து ஊற்றினேன். ஒரு நாளில் ஐந்து சொம்பும் காலி. கிலோவுக்கு 50, 60 மில்லி என்றால் இயல்பு. 100ஐத் தாண்டினால் நோய்க்குறி. மணி 125இல் இருந்தான்.

கால்நடை மருத்துவர் என் திசைக் குறிப்புகளைப் பார்க்கவே இல்லை. சிறுநீர்த் தொற்றா, சிறுநீரகமா, வயதான மறதியா, மூட்டுவலியால் படியிறங்கத் தயக்கமா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். சிறுநீரிலும் ரத்தத்திலும் சர்க்கரை.

விடுபட்ட ஒரு சான்றை இங்கே சேர்த்துவிடுகிறேன். முதல் நாளே ஆயா சொன்னார்: "சக்கரையா இருக்கும்டா. எனக்கும் இப்படித்தான், ராத்திரி நாலு வாட்டி எந்திரிச்சேன்." ஆதார நூல் எதையும் அவர் காட்டாததால் அப்போது குறித்துக்கொள்ளவில்லை.

இப்போது காலை 7 மணிக்கும் இரவு 7 மணிக்கும் வீட்டில் இருவருக்கு இன்சுலின். அடம்பிடிக்காமல் ஊசிக்கு நிற்பவன் மணிதான்.