குப்பைக்கு ஒரு நியாயம், குட்டிக்கு ஒரு நியாயம்

கொழும்பின் குப்பையைப் புத்தளத்தில் கொட்டாதே என்று 2018ஆம் ஆண்டு இந்த மாவட்டமே தெருவில் நின்றது. அதற்கு முந்தைய வருடம், ஏப்ரல் 14ஆம் திகதி, ஊர் முழுக்கப் புத்தாண்டு கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில், மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்களை மண்ணோடு மண்ணாக்கியது. அதன் பிறகு அரசாங்கம் அவசரப்படுத்திய தீர்வு என்ன? தலைநகரின் கழிவை ரயிலேற்றி, ஏறக்குறைய 170 கிலோமீற்றர் தள்ளி, எங்கள் மாவட்டத்து அருவக்காலுவில் இறக்குவது. கறுப்புக் கொடி கட்டினோம். கடையடைத்தோம். மதபேதம் பாராமல் தோளோடு தோள் நின்றோம். உன் வீட்டு அழுக்கை என் வாசலில் கொட்டாதே என்பதுதான் அன்றைய கோஷத்தின் சாரம். அருமையான கொள்கை. நான் அதை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். அன்று கோஷம் போட்டவர்களே இன்று இருட்டோடு இருட்டாக என் வாசலுக்கு வருவதால், அவர்களுக்கே அதைத் திருப்பி ஒப்புவிக்க வேண்டியிருக்கிறது.

கற்பிட்டி வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, தென்னந்தோட்டம் முடிகிற இடத்தில், நாய்க்கும் பூனைக்குமாக ஒரு சிறு காப்பகம் நடத்துகிறேன். காப்பகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை, கம்பிவலை, தண்ணீர்த் தாங்கி, கடனுக்கு அரிசி தருகிற ஒரு கடைக்காரர். அவ்வளவுதான். ஆனால் முந்தல், மதுரங்குளி, பாலாவி, நுரைச்சோலை என்று இந்தக் கரையோரம் முழுக்க என் விலாசம் பிரசித்தம். தபால்காரருக்குத் தெரியாத என் கேற், சாக்குப்பைக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

அந்தச் சாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அநேகமாக அது யூரியாப் பை. வாயைச் சணல் கயிற்றால் இறுக்கி, இரண்டு முடிச்சுப் போட்டிருப்பார்கள். பக்கவாட்டில் விரல் நுழையுமளவுக்கு ஓர் ஓட்டை. குட்டிகள் மூச்சுவிட வேண்டுமே! அந்த ஓட்டைதான் கொண்டுவந்தவரின் மனச்சாட்சி. அவிழ்த்தால் முதலில் வருவது மூத்திர நெடி, பிறகு எறும்பு. கண் திறக்காத குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக, உரமும் மணலும் ஒட்டிய வயிற்றோடு கிடக்கும். பசும்பாலை அப்படியே ஊற்றினால் வயிற்றோட்டத்தில் போய்விடும். தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கிற பால்மாவைக் கரைத்து, இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவு பகல் பாராமல் சிரிஞ்சால் புகட்ட வேண்டும். அந்த வயதில் குட்டிக்குத் தானாக மூத்திரம் பெய்யக்கூடத் தெரியாது. தாய் நக்கி விடுவாள். தாய் இல்லாத இடத்தில் ஈரப் பஞ்சால் நான் துடைத்து விடுகிறேன். இவ்வளவும் செய்தும் பாதி செத்துப்போகும். மறுநாள் தெருவில் ஒருவர் கேட்பார்: "என்ன தங்கச்சி, உங்ககிட்ட விட்டா செத்துப் போகுதாமே?"

பையைக் கொட்டி எண்ணினால் இன்னொரு விடயம் தெரியும். ஆறு குட்டி இருந்தால் ஐந்து பெட்டை. இயற்கை பாதிக்குப் பாதிதான் படைக்கிறது. கடுவனை எல்லாம் பிறந்த வளவிலேயே பங்குபோட்டு எடுத்துக்கொண்டு, மீந்ததைத்தான் எனக்குத் தானம் செய்கிறார்கள். கல்யாணச் சந்தையில் பெண்பிள்ளைக்குச் சீதனம் கேட்டுக் கேட்டுப் பழகிய ஊர், நாய்க்குட்டியிடமும் அதே கணக்கைப் பார்ப்பதில் என்ன ஆச்சரியம்?

வீடு தேடிக் கொடுக்கிற வேலை இதைவிட விசேஷமானது. போன மாதம் மோட்டார் சைக்கிளில் ஒரு தம்பி வந்தார். நல்ல மரியாதையான பிள்ளை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"கடுவன் குட்டி இருக்கா அக்கா? ஜேர்மன் செப்பர்ட் கலப்பா இருந்தா நல்லம்."

"கலப்பெல்லாம் இல்ல தம்பி. பெட்டை இருக்கு. நல்ல சுறுசுறுப்பு, ஊசியும் போட்டிருக்கு."

"பெட்டை வேணாம். குட்டி போட்டுக்கிட்டே இருக்கும்."

"கருத்தடை செஞ்சுதான் தாறோம். நீங்க ஒரு சதமும் தர வேணாம்."

அவர் முகம் வாடிப்போனது. "ஐயோ பாவம் அக்கா. வாயில்லாச் சீவன். அதுக்கும் ஒரு தாய்மை இருக்குத்தானே? அந்தப் பாவம் நமக்கெதுக்கு?"

பாருங்கள், எப்பேர்ப்பட்ட இரக்கம்! கர்ப்பப்பையை எடுத்தால் பாவம். அதிலிருந்து வந்த குட்டியை யூரியாப் பையில் கட்டினால் பாவம் இல்லை. மீன் வாடிப் பக்கம் விட்டால் பாவம் இல்லை. அங்கேதான் சாப்பாடு கிடைக்குமே! வீதியோரம் விட்டு, நுரைச்சோலை நிலக்கரி மின் ஆலைக்குப் போகிற லொறி ஏறினால், அது லொறிக்காரரின் பாவம். என் கேற்றில் விட்டுச் செத்தால் என் பாவம். இந்த ஊரில் பாவம் ஒருநாளும் உற்பத்தியான வளவில் தங்குவதில்லை. அதற்கென்று எங்கோ ஓர் அருவக்காலு வேண்டியிருக்கிறது.

சரி, யாரோ ஒருவர் மனமிரங்கிக் குட்டியைக் கொண்டுபோகிறார் என்று வையுங்கள். அது திரும்பி வரும் காரணங்களைச் சேர்த்தால் ஒரு புத்தகம் போடலாம். குரைக்கிறது என்று ஒருவர் திருப்பித் தருவார், குரைக்கவே இல்லை என்று இன்னொருவர். எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டதாம், நிறம் மங்கிவிட்டதாம், வந்த நாள் முதல் வியாபாரம் படுத்துவிட்டதாம். 2022இல் நாடு வங்குரோத்தானபோது வந்த கூட்டம் வேறு ரகம். ரொட்வைலர், லாப்ரடோர், பொமரேனியன் என்று சீமை நாய்களாக இறங்கின. கொண்டுவந்தவர்கள், வாங்கிய விலையை மறக்காமல் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். குடும்பத்தில் ஒருவராக வளர்த்தோம் என்று கண்ணைத் துடைத்தார் ஒருவர். அரிசி விலை ஏறியதும் குடும்பத்திலிருந்து முதலில் இறக்கப்பட்டவர் யார் என்பதை அந்த ஒருவரிடம்தான் கேட்க வேண்டும்.

என்னை ஊர் எப்படிப் பதிவு செய்து வைத்திருக்கிறது என்பதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். "உங்கட நாய் ஒண்டு எங்கட வளவுக்குள்ள செத்துக் கிடக்கு, வந்து எடுங்க." நான் கண்ணாலும் கண்டிராத நாய். ஏழு வருடம் அந்த ஒழுங்கையிலேயே அழைத்தவர் வீட்டு எச்சில் சோற்றைத் தின்று, அவர் வீட்டுக் கள்ளனை அது குரைத்து விரட்டியிருக்கும். உயிரோடு இருந்தவரை ஊர் நாய். செத்த அன்று என் நாய்.

காற்றுக்காலம் வந்தால் கற்பிட்டிக்கு வெள்ளைக்காரர்கள் வருவார்கள். மே முதல் ஒக்டோபர் வரை கைற் சேர்ஃபிங். விருந்தினர் வருவதற்கு முன் வளவிலுள்ள நாயை எல்லாம் அப்புறப்படுத்தச் சொல்லிச் சில விடுதிகளிலிருந்து எனக்குச் செய்தி வரும். விருந்தினர் வந்த மறுவாரம் அங்கிருந்தே இன்னொரு செய்தி: அழகான குட்டி ஒன்றிரண்டு கிடைக்குமா, பிள்ளைகள் விளையாட ஆசைப்படுகிறார்கள். குட்டி விளையாடும், படத்தில் விழும், பான்கேக் தின்னும். காற்று விழுந்ததும் கருணையும் விழுந்துவிடும். பான்கேக் தின்று பழகிய நாய் நவம்பரில் வெறுங்கடற்கரையில் என்ன செய்யும் என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் ஊருக்கு மதம் குறைவு என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. தாகத்தில் தவித்த நாய்க்குச் செருப்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தவருக்குப் பாவம் மன்னிக்கப்பட்ட ஹதீஸைக் குத்பாவில் கேட்டுக் கண் கலங்குகிறோம். நாயை வாகனமாக வைத்திருக்கும் பைரவருக்கு வடைமாலை சாத்துகிறோம். நோயில் கிடந்த புனித ரோக்குவுக்கு ரொட்டி கொண்டுவந்து கொடுத்தது ஒரு நாய் என்று மறைக்கல்வியில் படிக்கிறோம். போயாவுக்குப் போயா சகல உயிர்களும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். எந்த மதத்துக்காரரின் சாக்கு என்று முடிச்சைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. இந்த ஒரு விடயத்தில் தேசிய நல்லிணக்கம் பூரணமாக இருக்கிறது.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. விசர்நாய்க் கட்டளைச் சட்டம் 1893இல் வந்தது. நாய்கள் பதிவுச் சட்டம் 1901. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1907. மூன்றும் வெள்ளைக்காரன் குதிரைவண்டியில் போன காலத்துச் சங்கதி. மூன்றாவது சட்டப்படி, ஒரு சீவனைச் சித்திரவதை செய்தால் உச்ச அபராதம் 100 ரூபா. அன்று அது ஒரு கூலியாளின் பல மாதச் சம்பளம். இன்று அதற்கு ஒரு றாத்தல் பாண் வராது. நாயின் காலை வெட்டியவனுக்கு நீதவான் சட்டத்தில் உள்ள முழு அபராதத்தையும் விதித்தாலும், அவன் சட்டைப் பையில் சில்லறை மிச்சமிருக்கும். இதை மாற்ற 2006இல் சட்ட ஆணைக்குழு ஒரு விலங்கு நலச் சட்டமூலத்தை வரைந்தது. அதற்கு அமைச்சரவை தலையாட்டியது 2016 ஜனவரியில். ஒரு தலையாட்டலுக்குப் பத்து வருடம். அதன் பிறகும் கோப்பு அமைச்சுக்கு அமைச்சு சவாரி போனதே தவிர, நான் படலையில் பிடிக்கிற எவனையும் மிரட்ட எனக்கு இன்னும் அந்த 1907ஆம் ஆண்டுச் சட்டம்தான் இருக்கிறது.

கமரா இருந்தால் கதை வேறு. 2011 செப்டம்பரில் சிலாபம் முன்னேஸ்வரத்துப் பத்திரகாளி கோவில் வேள்விக்குக் கொண்டுவந்த ஆடு கோழிகளை, அமைச்சர் மேர்வின் சில்வா பரிவாரத்தோடு வந்து அள்ளிக்கொண்டு போனார். வேள்வி வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். காப்பகம் நடத்துகிறவளுக்கு வரும் சந்தேகமே வேறு: அத்தனை ஆட்டுக்கும் அன்றிரவு குழை போட்டது யார்? புண்ணுக்கு மருந்து கட்டியது யார்? மீட்பது ஒரு மணித்தியால வேலை. அதற்குப் பிறகுதான் பத்து வருடச் சோறு இருக்கிறது. அதை யாரும் படம் பிடிப்பதில்லை.

பிறகு 2025 பெப்ரவரி 9. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் நாடு முழுக்க மின்சாரம் போனது என்றார் எரிசக்தி அமைச்சர். எங்கள் நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் அந்த அதிர்ச்சியில் படுத்து, எழும்ப நாள்கணக்கானது. 900 மெகாவாட் ஆலை, ஒரு குரங்கு. அடுத்த மாதம் 15ஆம் திகதி, காலை எட்டு மணியிலிருந்து ஐந்தே நிமிடம், வளவுக்கு வந்த குரங்கு, மயில், மர அணிலை எல்லாம் எண்ணச் சொன்னது அரசாங்கம். நானும் எண்ணினேன். குரங்கு இல்லை. கேற்றடியில் ஒரு சாக்கு இருந்தது. படிவத்தில் அதற்கு நிரல் இல்லை.

கோபத்தில் ஒன்றை விட்டுவிடக் கூடாது. இந்த நாட்டில் 1973இல் விசர்நாய்க்கடியால் 377 பேர் செத்தார்கள். இப்போது வருடத்துக்கு இருபது முப்பது பேர். நாய்க்கு ஊசி போட்டதால், கடிபட்டவருக்கு ஆஸ்பத்திரியில் இலவசமாக ஊசி கிடைத்ததால், அலைந்து திரிந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களால் வந்த குறைவு இது. பத்து நாயில் ஏழுக்கு ஊசி போட்டால் ஊரில் விசர் பரவாது என்பது உலகம் முழுக்கப் பார்த்து அறிந்த கணக்கு. தெருநாயைப் பிடித்துக் கொல்வதை 2006இல் நிறுத்திய பிறகும் சாவு எண்ணிக்கை ஏறவில்லை. ஆனாலும் 2025 ஓகஸ்ட் 11ஆம் திகதி, தில்லித் தெருநாய்களை எல்லாம் அள்ளி அடைக்கச் சொல்லி இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே குதூகலம். "இங்கயும் இப்பிடி வேணும்." பதினொரு நாளில் அதே நீதிமன்றம், கருத்தடை செய்து ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்லித் திருத்தியது. அந்தச் செய்தியை எந்தக் குழுவிலும் காணவில்லை. அள்ளி அடைக்கச் சொன்னவர்களில் ஒருவரின் வீட்டு நாய் அப்போது சினையாக இருந்தது எனக்குத் தெரியும். சினை அறுபத்துச் சொச்சம் நாள். நானும் சாக்குக்காகக் காத்திருந்தேன். பிந்தாமல் வந்தது.

அவர் வீட்டுக்கே போனேன். குட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தாயை மட்டும் ஒரு நாளைக்குத் தாருங்கள் என்றேன். ஆட்டோ என் செலவு, மிருக வைத்தியர் என் செலவு, தையல் காயும்வரை வைத்திருந்து நானே கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். முற்றத்தில் கட்டியிருந்த அந்தப் பெட்டை பால் கட்டிய மடியோடு, மண்ணை மோந்து மோந்து சங்கிலியின் வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உண்மையிலேயே யோசித்தார்.

"தரலாம் தங்கச்சி. ஆனா ராவைக்கு வீட்டை ஆர் பாக்குறது?"