முன்னால பிளேன், பார்த்து ஓட்டுங்க!

புதுக்கோட்டைக்காரர்கள் விமானம் ஏறத் திருச்சிக்குத்தான் போக வேண்டும். 2018 அக்டோபர் 12 அதிகாலை, அங்கிருந்து துபாய்க்கு 136 பேரோடு கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், புதுக்கோட்டைச் சாலையோரச் சுற்றுச்சுவரை இடித்துவிட்டுப் பறந்தது. மும்பையில் பத்திரமாக இறங்கியது. நல்லவேளை, ஒதுங்கவில்லை என்று சுவர்மேல் யாரும் வழக்குப் போடவில்லை.

தரையில் கதை நேர்மாறு. சும்மா நிற்கும் விமானத்தை வண்டி தேடிப்போய் இடிக்கும். 2015 டிசம்பரில் கொல்கத்தாவில் பேருந்து. 2025 ஏப்ரலில் பெங்களூருவில் டெம்போ டிராவலர். 2022இல் டெல்லியில் ஒரு கார், இண்டிகோ விமானத்தின் மூக்குக்கடியில் போய் நின்றது.

ஓடுதளப் பக்கம் வண்டி ஓட்டத் தனிப் பயிற்சியும் அனுமதியும் வேண்டும். ஆனால் கொல்கத்தா, பெங்களூரு இரண்டிலுமே ஓட்டுநர் கண்ணயர்ந்ததாகத்தான் செய்தி.

பயிற்சி வகுப்பைக் கூட்டுங்கள், வேண்டாமென்றா சொல்கிறோம்? முதலில் ஓட்டுநர்களைக் கொஞ்சம் தூங்க விடுங்கள், ஐயா!