தொடர் விடுமுறை: ஓரிக்கை நோக்கில் ஒரு விளக்கம்

அரசு விடுமுறை ஒன்று வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் உண்டாவது தொடர் விடுமுறை. அதற்கு மூன்று கூறுகள்: நாட்டுப்பற்று, போர், நட்பு. 2025 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமையாகவும், மறுநாள் கோகுலாஷ்டமியாகவும், அதற்கு மறுநாள் வழக்கம்போல் ஞாயிறாகவும் அமைந்ததால், இம்மூன்றும் ஒரே காரில் காஞ்சிபுரத்து ஓரிக்கைக்கு வந்து இறங்கின. அவற்றை முறைப்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவது நாட்டுப்பற்று. இது ஆண்டுதோறும் ஒரே அளவில் இருப்பதில்லை. கிழமையைப் பொறுத்து ஏறி இறங்கும். புதுக் காலண்டர் வீட்டுக்கு வந்ததும் முதலில் பார்க்கப்படுவது ராசிபலன் அல்ல, ஆகஸ்ட் 15 என்ன கிழமை என்பது. 2021இல் ஞாயிறு. வெள்ளைக்காரன் போனபிறகும் பழிவாங்குகிறான் என்ற அளவுக்கு அலுவலகங்களில் கசப்பு பரவியது. 2022இல் திங்கள். விடுதலையின் 75 ஆண்டு நிறைவு, வீடுதோறும் கொடி, எங்கும் எழுச்சி. அந்த எழுச்சியில் திங்கட்கிழமையின் பங்கை இதுவரை ஒருவரும் ஆராயவில்லை. 2023இல் செவ்வாய், திங்களன்று ஒரு சி.எல். போட்டால் நான்கு நாள். 2024இல் புதன் வந்திருக்க வேண்டும். லீப் ஆண்டு குறுக்கிட்டு வியாழனுக்குத் தள்ளியது, நாடு தப்பியது.

புதன்கிழமை சுதந்திர தினம் எதற்கும் உதவாது. முன்னால் இரண்டு வேலை நாள், பின்னால் இரண்டு வேலை நாள். எந்தப் பக்கமும் சேர்த்துக்கொள்ள வழியில்லை. கொடியேற்றி, மிட்டாய் தின்று, வீட்டில் படுத்திருக்க வேண்டியதுதான். விடுதலை எதற்காக வாங்கினோம் என்று யோசிக்க அவகாசம் தரும் ஒரே கிழமை அது. அதனாலேயே அது யாருக்கும் பிடிப்பதில்லை.

1947 ஆகஸ்ட் 15ஆம் தேதியும் வெள்ளிக்கிழமைதான். நாடு விடுதலை பெற்றதே வார இறுதியை ஒட்டித்தான். ஜப்பான் சரணடைந்ததன் இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதால் அந்தத் தேதியைத் தேர்ந்ததாக மவுண்ட்பேட்டன் பின்னாளில் சொன்னார். சனி, ஞாயிறு பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாடு குடியரசான 1950 ஜனவரி 26 வியாழன். வெள்ளிக்கு ஒரு சி.எல். போதும். இந்த ஜனவரி 26 எங்கிருந்து வந்தது என்றால், 1930இல் காங்கிரஸ் பூரண சுயராஜ்ய நாளாக அறிவித்த தேதி. அது ஜனவரியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. கிடைத்த ஒரு விடுமுறையையும் ஊர்வலத்துக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போன தலைமுறை அது. இன்று அப்படி ஒரு தேதியைக் குறிக்கிற கட்சிக்கு வைப்புத்தொகை மிஞ்சாது.

2025 அக்டோபர் 2இல் காந்தி ஜெயந்தியும் விஜயதசமியும் ஒரே நாளில் மோதின. அரசு ஊழியர் வீடுகளில் இந்த மோதல் இழவாகவே பேசப்பட்டது. காந்தி பிறந்தநாளைத் திதிப்படி கொண்டாடினால் என்ன என்ற யோசனையும் ஓரிக்கை மொட்டைமாடி ஒன்றில் முன்வைக்கப்பட்டது. வைத்தவர் சென்னையிலிருந்து வந்தவர். அவரே 2026 ஆகஸ்ட் 15 சனி என்றும், 2027இல் ஞாயிறு என்றும், 2028இல்தான் செவ்வாய்க்கு வந்து நிலைமை சீராகும் என்றும் கைப்பேசி பார்க்காமல் சொன்னார். இதே நபருக்குத் தன் வார்டு எண் தெரியாது.

நாட்டுப்பற்றின் வெளி அடையாளம் கொடி. காரின் முன்மூடிமேல் தேசியக் கொடியைப் போர்த்தக்கூடாது என்கிறது இந்தியக் கொடி விதித் தொகுப்பு. காரில் கொடி பறக்கவிடும் உரிமை குடியரசுத் தலைவர், ஆளுநர் உள்ளிட்ட சிலருக்கே உண்டு. ஓரிக்கைக்கு வரும் வழியில், ஸ்ரீபெரும்புதூர் நெரிசலில் அந்த ஆகஸ்ட் 15 அன்று ஊர்ந்த கார்களை வைத்துப் பார்த்தால் நாட்டில் ஆளுநர்களுக்குப் பஞ்சமில்லை.

நாட்டுப்பற்றின் உச்சம் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. ஆண்டு 919, 921. ஊர் 30 குடும்புகள், அதாவது வார்டுகள், சபை உறுப்பினர் வயது 35க்கு மேல் 70க்குள், பதவியில் இருந்தபோது கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கக்கூடாது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டட அடிக்கல் விழாவில் பிரதமர் இதைக் குறிப்பிட்டதிலிருந்து, ஓரிக்கைக்கு வரும் விருந்தாளிகள் உத்திரமேரூரைக் கேட்டு வாங்குகிறார்கள். தமிழ்நாட்டில் கிராமசபை கூடும் நாட்களில் ஆகஸ்ட் 15உம் ஒன்று. ஆயிரம் ஆண்டுக்கு முன் கூடிய சபையின் சுவரோடு செல்ஃபி எடுத்தவர்கள், அன்று காலை சுற்றுக் கிராமங்களில் கூடிய சபைகளைக் காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடந்து போனார்கள். வெயில் காரணம்.

இரண்டாவது போர். 2025 மே 7இல் தொடங்கிய இந்திய பாகிஸ்தான் மோதல் மே 10ஆம் தேதி, சனிக்கிழமை மாலை நின்றது. வாட்ஸாப் குழுக்களில் நிற்கவில்லை. மொட்டைமாடியில் போரைப் பற்றி மிக உறுதியாகப் பேசுகிறவர் பொதுவாகக் கொசுவத்திக்குப் பக்கத்து இடம் கேட்பவராக இருக்கிறார்.

போருக்காக ஓரிக்கைக்காரர்கள் எல்லை வரை போக வேண்டியதில்லை. காஞ்சிக்கு வடக்கே சில மைலில் புள்ளலூர் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் மகேந்திரவர்மன் அங்கே தன் பகைவரை அழித்தான் என்கிறது காசாக்குடிச் செப்பேடு. பகைவர் பெயர் சொல்லவில்லை. பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒளிய வைத்தவன் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசி என்கிறது 634ஆம் ஆண்டின் ஐஹொளெ கல்வெட்டு. ஆக இருவருமே வென்றிருக்கிறார்கள். ஃபார்வர்டு செய்யும் வசதி மட்டும்தான் அப்போது இல்லை.

அதே புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10ஆம் தேதி, அதுவும் ஞாயிற்றுக்கிழமை, ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கும்பினிப் படையை ராக்கெட்டுகளும் குதிரைப்படையுமாக நொறுக்கினார்கள். பக்ஸாரில் வென்ற கும்பினித் தளபதி ஹெக்டர் மன்றோ பெரும்படையோடு காஞ்சிபுரத்தில்தான் இருந்தார். வந்து சேரவில்லை. பின்பு கனத்த பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் 1782இல் இறந்தார். பக்கத்தில் இருந்தும் உதவிக்கு வராத நண்பர்கள் என்ற தலைப்பில் இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு கிடையாது. மொட்டைமாடியில் இது சொல்லப்பட்டபோது, மாடிக்குத் தண்ணீர்க் குடம் தூக்கி வர ஒருவரும் எழவில்லை.

மூன்றாவது நட்பு. தொடர் விடுமுறைக்கு முந்தின புதன்கிழமை இரவு தொலைபேசியில் இது தோன்றுகிறது. “மச்சான், ஊர்லதான இருக்க?” என்பது அதன் முதல் வடிவம். இருக்கிறேன் என்றால் ஆறு பேர். இல்லை என்றால், “பரவால்ல, சாவியப் பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போ.” மீதி நாட்களில் இந்த நட்பு பிறந்தநாள் வாழ்த்தாக உறங்கும். வந்தவுடன் கோயில் இட்லி கேட்கும். வாங்கி வந்தால் மிளகு அதிகம் என்னும். “தறிக்காரங்க யாராச்சும் உனக்குத் தெரிஞ்சிருப்பாங்களே, அங்கயே போய் எடுத்தா விலை குறையும்ல” என்று பட்டுப்புடவையில் முடியும்.

நட்புக்கு ஓரிக்கை விதித்த இலக்கணம் வேறு. திருமழிசை ஆழ்வாரின் சீடன் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாடு கடத்தியபோது ஆழ்வாரும் உடன் கிளம்பினார். ஆழ்வார் கிளம்பவும், திருவெஃகாப் பெருமாள் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னே நடந்தார். மூவரும் ஓரிரவு தங்கிய இடம் ஓரிக்கை என்பது தலபுராணம். மன்னன் வந்து மன்னிப்புக் கேட்டான். மறுநாள் திரும்பிப் போனார்கள். ஆராய்ந்து பார்த்தால் இதில் மூன்று விதிகள் தெரிகின்றன: நண்பனுக்குக் கஷ்டம் வந்தபோது வந்தார்கள். ஒரு ராத்திரிக்குமேல் தங்கவில்லை. படுக்கையைக் கையோடு கொண்டுவந்தார்கள். ஆகஸ்ட் விருந்தாளிகள் மூன்றையும் மீறினார்கள். மூன்றாவதை மீறியதால் வீட்டுக்காரர் மூன்று இரவும் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டார்.

நாட்டுப்பற்று, போர், நட்பு ஆகியவற்றுக்கு இடையிலான தொடர்பை இங்கே தொகுத்துரைக்க வேண்டும். இடம் போதவில்லை. அந்த ஆகஸ்டை அடுத்த குடியரசு தினம், 2026 ஜனவரி 26, திங்கட்கிழமை. இனி வருகிறவர்கள் தலையணை கொண்டுவரவும்.