மல்லிகை கருகிய மதிலுக்கு

கேள்வி: எங்கட வீட்டு மதில்ல காலையில இருந்து அசர் வரைக்கும் வெயில்தான். உம்மா நட்ட மல்லிகை கருகிட்டு. என்ன கொடி தாங்கும்?
- வாசகி, ஓட்டமாவடி

பதில்: தங்கச்சி, மல்லிகையை வாட்டிய அந்த வெயிலையே விருந்தாகச் சாப்பிடுகிற கொடி கடதாசிப்பூ. வாழைச்சேனைக் கடதாசி ஆலைக்கு அயலில் இருக்கிற நீங்கள் இதற்காக அலையவே தேவையில்லை! தென்னமெரிக்கச் செடி, 1767இல் றியோ டி ஜெனீரோவில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் கொமெர்சன் சென்ற கடற்பயணத்தில் சேகரிக்கப்பட்டது. அந்தப் பயணத்தின் தலைவர் பூகன்வில்லின் பெயர்தான் அதன் தாவரவியற் பெயரில் இருக்கிறது. நிறமாக விரிவது இலை. உண்மையான பூ நடுவில் நிற்கும் சின்ன வெள்ளைக் குழல்.

பென்சில் பருமனான முற்றிய தடியை, மாரி வெள்ளம் தேங்காத மேட்டில் நடுங்கள். இந்தக் கொடி பூக்காமல் போவது பெரும்பாலும் நம் அன்பு மிகுதியால்தான். தினமும் தண்ணீர், கைநிறைய யூரியா என்று ஊட்டினால் இலையாகவே தழைக்கும். வேர் பிடித்த பிறகு, மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும் ஊற்றுங்கள். கொஞ்சம் தாகம் இருந்தால்தான் மதில் நிறையப் பூக்கும். பூத்து ஓய்ந்ததும் நுனிகளை வெட்டுங்கள்; அடுத்த பூ புதுத் துளிரில்தான் வரும்.

பாகலைப் போலச் சுருண்டு பிடிக்காது, முள்ளை ஊன்றித்தான் ஏறும். ஆகவே மதிலில் ஆணி அடித்துக் கம்பி இழுத்துக் கட்டிவிடுங்கள். ஒழுங்கைப் பக்கம் சாயும் கிளையை உடனே வெட்டுங்கள். மதரசாவுக்குப் போகும் பிள்ளைகளின் கண்ணுக்கு நேரே அந்த முள் நிற்கும்.