பொதட்டூர்பேட்டை வட்டாரக் கையடக்க வீடியோ கேம்களில் தேய்ந்த திருகாணிகளும் அவற்றின் மாற்றமும் — ஓர் ஆய்வு

வீடியோ கேமின் முதுகிலுள்ள திருகாணியை ஆராய்ந்து இதுவரை எவரும் முனைவர் பட்டம் பெறவில்லை என்பது தமிழுலகின் பெருங்குறை. அக்குறை நீக்கும்பொருட்டு, திருவள்ளூர் மாவட்டம், பள்ளிப்பட்டு வட்டம், பொதட்டூர்பேட்டையில் செல்போன் பழுதுபார்க்கும் கடையொன்றின் வாசலில் இக்களஆய்வு நிகழ்ந்தது. கடைக்குள் இரண்டாம் ஆள் நிற்க இடமில்லை. ஆய்வு மூலங்கள் இருவகைப்படும். முதன்மை மூலம், கடைக்காரர். துணைமை மூலம், கடைக்காரர் சாப்பிடப் போகும்போது கல்லாவில் உட்காரும் அவருடைய மைத்துனர்.

ஆய்வுப் பொருளுக்கு வரலாறு உண்டு. முன்பு பிரிக் கேம். இப்போது டிவியிலும் மாட்டி ஆடத்தக்க 'நானூறு கேம்'. பிரிக் கேமின்மேல் 9999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை சிலவே. வேகம் கூடும், வரிசை மாறும், எண் ஏறும். ஒரே கட்டுரையைத் தலைப்பு மட்டும் மாற்றிப் பல கருத்தரங்க மலர்களில் ஐ.எஸ்.பி.என். எண்ணோடு வெளியிடும் பேராசிரிய மரபுக்கு இதுவே முன்னோடி என்று கருத இடமுண்டு.

தலையமைப்பு நோக்கித் திருகாணிகளைக் கூட்டற்குறியன, கழித்தற்குறியன, முக்காலன எனப் பகுக்கலாம். கடைவழக்கில் முறையே ஸ்டார், மைனஸ், 'ஐயோ இதுவா'.

முக்காலன நிண்டெண்டோ கருவிகளில் பயில்வன. வீட்டிலுள்ளவர் திறந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தின் விளைவு. 2017இல் வந்த ஸ்விட்சின் முதுகிலும் இவையே. பொதட்டூர்பேட்டையில் இவற்றின் வரத்துக் குறைவு.

கூட்டற்குறியன அமெரிக்காவின் போர்ட்லந்தைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ் என்பாரால் 1936இல் காப்புரிமை பெற்றுக் காடிலாக் கார்களில் ஏறின. ஜப்பானியர் இதே குறிக்குத் தமக்கெனத் தனி அளவுமுறை வகுத்தனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அமெரிக்க முனையை ஜப்பானியத் தலையில் வைத்துத் திருகினால் முனை அடிவரை இறங்காமல் மேலே எழும்பி, பள்ளத்தைத் தின்னும். இதனை அறிஞர் 'பொருந்தாமை' என்பர். கடைக்காரர் 'மண்டை வழுக்கிடுச்சு' என்பார் (நேர்காணல், டீக்கு முன்).

கழித்தற்குறியன வீடியோ கேமில் இல்லை. ஆகவே அவற்றைப் பின்னர் விரிவாகக் காண்போம்.

இனிக் கருதுகோள். 'இவ்வூர்த் திருகாணிகள் பிற ஊர்த் திருகாணிகளைவிட விரைவில் கழல்கின்றன, காரணம், விசைத்தறி.' விசைத்தறி ஓடும் இவ்வூர் வீடுகளில் சன்னல் கட்டையும் ஆடும், அதன்மேல் வைத்த வீடியோ கேமும் ஆடும். குறுக்குவாட்டு அதிர்வில் மரை தானாகவே பின்வாங்கும் என்று கெர்ஹார்ட் யுங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1969இல் காட்டியுள்ளார். அவர் காட்டியது இயந்திரங்களின் போல்ட்டுகளுக்கு. பிளாஸ்டிக்கைத் தானே கீறி இறங்கும் குட்டித் திருகாணிக்கு அது பொருந்துமா என்று கேட்கும் அற்பர்கள் இருக்கக்கூடும். அவர்களுக்கு விடையாக அவர் பெயரை இன்னொருமுறை எழுதுகிறோம்: யுங்கர்.

இக்கருதுகோளைக் கடைக்காரரிடம் முன்வைத்தபோது அவர் ஒப்பினார் (நேர்காணல், டீக்குப் பின், வேறு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே). மைத்துனர் மறுத்தார் (தனிப்பேச்சு, கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தபோது, கதவுப் பக்கம் ஒரு கண் வைத்தபடி). கடைக்காரர் திரும்பி வந்து, மைத்துனர் மறுத்ததையும் தாம் ஒப்பியதையும் ஒருசேர மறுத்தார் (நேர்காணல், வெற்றிலை மென்றவாறு, பாதி சைகையில், சைகையின் பாடபேதம்: 'போங்க சார்' என்றும் கொள்ளலாம்).

அவர் கூற்றின் சாரம்: தறிக்கும் இதற்கும் தொடர்பில்லை, திருகாணி தானாகக் கழலவில்லை. கழற்றியவன், வீடியோ கேமுக்குரிய பையனின் அண்ணன். கழற்றிய கருவி, டெஸ்டர்.

கழித்தற்குறி இங்கே வந்து சேர்கிறது. தமிழர் இல்லம் ஒவ்வொன்றிலும் டெஸ்டர் ஒன்று உண்டு. மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கச் செய்தது அது. பெயின்ட் டப்பா திறக்க, கதவு தாழ்ப்பாள் நெம்ப, தையல் மெஷினுக்கு எண்ணெய் விட, தேங்காய்ச் சில்லு பெயர்க்க என்று பிற துறைகள் அனைத்திலும் புழங்கிவிட்டு, மின்சாரத் துறைக்கு மட்டும் எப்போதாவது வரும். தட்டை முனையான இதைக் கூட்டற்குறிக்குள் சாய்த்து வைத்துத் திருகினால் குறி வட்டமாகிறது. திருகாணி மலிவு இரும்பு என்பதால் எதிர்ப்பும் இல்லை. நியான் விளக்கு மட்டும் நன்றாக எரிகிறது.

மாற்றும் முறைக்கு வருவோம். வழுக்கிய தலைமேல் அகன்ற ரப்பர் பேண்ட் வைத்து, முனையை அழுத்திப் பிடித்துத் திருக வேண்டும். அழுத்துவது அதிகம், திருகுவது கொஞ்சம். புதியது நீளத்தில் பழையதை ஒத்திருக்க வேண்டும். 'கொஞ்சம் நீளமா இருந்தா நல்லாப் பிடிக்கும்' என்பது மைத்துனரின் கோட்பாடு. அக்கோட்பாட்டின்படி மாட்டிய ஒன்று முகப்பு பிளாஸ்டிக்கைப் புடைக்கச் செய்து, பட்டன் அருகே கொப்புளமாக இன்றும் காணக்கிடைக்கிறது. மாட்டும்போது முதலில் பின்பக்கமாகத் திருப்ப வேண்டும். 'டக்'கென்று பழைய மரைக்குள் விழும். அதன்பிறகே முறுக்க வேண்டும். இல்லையேல் புது மரை வெட்டிப் பிளாஸ்டிக் பொடியாகும்.

பொடியாகிவிட்டால்? ஊரின் மூலப்பொருள் கைகொடுக்கும். தறிக்கழிவு நூலில் ஒரு துணுக்கைத் துளைக்குள் திணித்து ஃபெவிக்விக் ஒரு சொட்டு. பருத்தியும் அப்பசையும் சேர்ந்தால் சூடேறும், புகையும் வரும், முகத்தை விலக்கிக்கொள்க. இறுகியபின் திருகாணி கச்சிதமாகப் பிடிக்கும். இதை ஆவணப்படுத்த முகத்தை அருகில் கொண்டுசென்ற ஆய்வாளரைக் கடைக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்தார் (நேரடிச் சான்று, காலர்).

இவ்வளவும் முடிந்து ஒரு திருகாணி மிஞ்சியது. எந்தத் துளைக்கு உரியது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. மேலாய்வுக்குரியது எனக் குறித்து நிதிநல்கைக்கு விண்ணப்பம் தயாராகிறது. மைத்துனர் அதை மாத்திரை டப்பாவில் போட்டுவிட்டார்.

அந்த வீடியோ கேம் ஓடியதா என்று அன்பர்கள் கேட்கலாம். அது ஆய்வு எல்லைக்குள் வரவில்லை.