குட்டி யானைக்குக் காய்ச்சல்

கே: பத்து வருடம் தாண்டிய குட்டி யானை (டாடா ஏஸ்) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். சந்தை நெரிசலில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுகிறது. பைபாஸ் ஏறினால் தானே இறங்கிவிடுகிறது. மெக்கானிக் ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா?
– இளநீர் வியாபாரி, பொள்ளாச்சி

ப: பைபாஸில் முள் இறங்குகிறதே, ரேடியேட்டருக்கு அதைவிட நற்சான்றிதழ் வேண்டுமா? ஓடும்போது எதிர்க்காற்று செய்கிற வேலையை, நிற்கும்போது ஃபேன் செய்ய வேண்டும். உங்கள் ஃபேன் லீவில் இருக்கிறது. ஃபியூஸ், ரிலே, சூடு பார்த்து ஃபேனைப் போட்டுவிடும் சுவிட்ச், கடைசியாக மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். பழைய மாடல்களில் அந்தச் சுவிட்சின் இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொட வையுங்கள். ஃபேன் சுற்றினால் கோளாறு சுவிட்சில்தான். மெக்கானிக் ஏன் ரேடியேட்டரில் ஆரம்பித்தார் என்று கேட்காதீர்கள், அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

ஃபேன் சுற்றுகிறது என்றாலும் விட்டுவிடாதீர்கள். கைமாறிய வண்டிகளில் யாரோ ஒரு புண்ணியவான் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்து, ஃபேன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கும். காற்று வண்டியின் முன்னாலிருந்து பின்னால் போக வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு செய்தித்தாள் துண்டைப் பிடியுங்கள். உள்பக்கமாக இழுத்து ஒட்டிக்கொண்டால் சரி. உங்கள் முகத்துக்குப் பறந்து வந்தால் ஒயரை மாற்றுங்கள். செலவு ஓர் இன்சுலேஷன் டேப்.

கே: எனக்கு நேர்மாறு. ஊருக்குள் பிரச்சினையே இல்லை. லோடோடு பைபாஸில் போனால்தான் சூடாகிறது.
– வாழைத்தார் வியாபாரி, திருச்சி

ப: அப்படியானால் ஃபேனை நிம்மதியாக விடுங்கள். எஞ்சின் முழு மூச்சாக உழைக்கும்போது பிறக்கிற சூடு அத்தனையும் வெளியேற வழியில்லை. எஞ்சினை நிறுத்தி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு ரேடியேட்டரைத் தடவிப் பாருங்கள். நடுவில் திட்டுத் திட்டாகச் சூடே இல்லாத இடம் இருந்தால், அங்கே குழாய் அடைத்திருக்கிறது. வெளியே தகடுகளுக்கிடையில் சேறும் பூச்சியும் அடைந்திருந்தால் பின்பக்கமிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைப் பிடித்தால் தகடெல்லாம் மடங்கி, காற்றுக்குக் கதவடைப்பு. கீழ் ஹோஸையும் பாருங்கள். ரேஸ் கொடுக்கும்போது அது உள்ளொடுங்கி ஒட்டிக்கொண்டால், தண்ணீர் போகாது.

கே: ரேடியேட்டர் ஒழுகுகிறது. மஞ்சள்தூள் போட்டால் நின்றுவிடுமாமே?
– பந்தல் காண்டிராக்டர், ஈரோடு

ப: ஈரோட்டுக்காரரிடம் மஞ்சளைக் குறை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஒழுகல் நிற்கும். ஆனால் மஞ்சளுக்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியாது. இரண்டையும் அடைக்கும். நடுவழியில் நின்றவர் பட்டறை வரை வந்து சேர அது போதும். வந்ததும் ரேடியேட்டரைக் கழற்றி, சுத்தம் செய்து, ஒழுகல் இருக்கிற இடத்தை அடைத்துவிடுங்கள்.

கே: “நம்ம ஊர் வெயிலுக்கு கூலண்ட் எதுக்கு, தெர்மோஸ்டாட் எதுக்கு” என்று பழைய ஓனர் இரண்டையும் எடுத்துவிட்டார். நான் போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.
– வாட்டர் கேன் சப்ளையர், ராமநாதபுரம்

ப: ஊருக்கெல்லாம் ஆர்.ஓ. தண்ணீர், சொந்த எஞ்சினுக்குப் போர் தண்ணீரா! போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு எஞ்சினுக்குள் பாறையாகப் படியும். அந்தப் படிவைத் தாண்டிச் சூடு வெளியே வராது. கூலண்ட் துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அழுத்தம் தாங்கும் மூடியும் கூலண்டும் சேர்ந்தால் 120 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்காதே என்று அடித்துக்கொள்வது இதனால்தான். திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், அதுவரை அடங்கிக் கிடந்தது அத்தனையும் ஆவியாக முகத்தில் பாயும்.

தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 80 டிகிரியைத் தாண்டித் திறக்கும். அதை எடுத்துவிட்டால் எஞ்சின் வேலை செய்ய வேண்டிய சூட்டுக்கே வராமல் டீசல் குடிக்கும், புகை தள்ளும், சீக்கிரம் தேயும். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் உள்ளேயே குறுக்குவழியில் சுற்றும். அதாவது, சூடு குறைய வேண்டும் என்று கழற்றியதால் சூடு கூடும். புதிது வாங்கிப் போடுங்கள். பழையது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் அடுப்பில் வெந்நீருக்குள் போட்டுப் பாருங்கள், கொதிப்பதற்கு முன்பே வாய் திறக்க வேண்டும். வீட்டில் திட்டு விழுந்தால் நான் பொறுப்பல்ல.

கே: என் வண்டி முள் இரண்டு வருடமாக ‘சி’யை விட்டு நகர்ந்ததே இல்லை. அவ்வளவு கூலான எஞ்சின்!
– பூ வியாபாரி, மதுரை

ப: சென்சார் ஒயர் மாட்டியிருக்கிறதா என்று முதலில் குனிந்து பாருங்கள். மாட்டியிருந்தால் கூலண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். சென்சார் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். மொத்தமாக வற்றிப்போனால், எஞ்சின் எரியும்போதும் முள் சாதுவாகவே நிற்கும்.

கே: 750 கிலோ என்று போட்டிருக்கிறது. உண்மையில் எவ்வளவு ஏற்றலாம்?
– செங்கல் சூளை, செங்கல்பட்டு

ப: 750 கிலோ.

இதற்கு மேல் கேட்டால், 2019 சட்டத் திருத்தப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. 2005இல் முதலில் வந்த டாடா ஏஸ், இரண்டு சிலிண்டர், 702 சி.சி. பெயரில்தான் யானை, உள்ளே இருந்தவை 16 குதிரைகள்.

கே: கொல்லிமலைக்கு தினமும் சரக்கு ஏற்றுகிறேன். 70 கொண்டை ஊசி வளைவு. வருடத்துக்கு இரண்டு கிளட்ச் பிளேட் போகிறது. டூப்ளிகேட் சாமானா?
– லோடு வண்டி ஓட்டுநர், சேந்தமங்கலம்

ப: சாமானைச் சந்தேகிப்பதற்கு முன் உங்கள் இடது காலைச் சந்தேகியுங்கள். வளைவில் எதிரே பஸ் வந்தால், பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரையும் கிளட்சையும் பாதிப் பாதியாக வைத்து வண்டியை மேட்டிலேயே தொங்க விடுகிறீர்களா? அந்த நேரமெல்லாம் பிளேட் தேய்ந்துகொண்டிருக்கிறது. ஹேண்ட் பிரேக் என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அதற்குத்தான்.

கால் நிரபராதி என்றால் கேபிள். கிளட்ச் மிதியை விரலால் அழுத்தினால் கொஞ்ச தூரம் வெறுமனே இறங்க வேண்டும். பிளேட் தேயத் தேய அந்த ஃப்ரீ ப்ளே குறையும். அது இல்லாமலே போய்விட்டால், நீங்கள் மிதிக்காமலே கிளட்ச் அரைகுறையாக மிதிபட்டுக்கொண்டிருக்கும். கேபிள் நட்டைத் தளர்த்தினால் போதும். (ரிவர்ஸ் கியர் கரகரவென்று விழுகிறது என்று எழுதியிருந்த பெருந்துறை வாசகருக்கு இதன் மறுபக்கம்: உங்களுக்கு ஃப்ரீ ப்ளே கூடிவிட்டது, நட்டை முறுக்குங்கள்.)

அதுவும் சரியென்றால், அடுத்த முறை கியர் பாக்ஸ் இறங்கும்போது பட்டறையில் பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய பிளேட்டில் ஆயில் பிசுக்கு இருந்தால் கிராங்க் பின்பக்க ஆயில் சீல் ஒழுகுகிறது. அதை மாற்றாமல் புதுப் பிளேட் போட்டால், புதிதும் நனையும். ஃப்ளைவீலில் நீலம் பாய்ந்த தழும்பு இருந்தால் லேத்தில் கொடுத்து முகம் எடுக்க வேண்டும். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாகப் போடுங்கள். பேரிங்கில் காசு மிச்சம் பிடித்தால், அதற்காகவே இன்னொரு முறை கியர் பாக்ஸ் இறக்கக் கூலி கொடுப்பீர்கள்.

கே: கிளட்ச் மிதித்தால் ‘கீ’ என்று சத்தம். விட்டால் நின்றுவிடுகிறது.
– ஓட்டுநர், கரூர்

ப: ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்று, விட்டால் சத்தம் வந்தால் கியர் பாக்ஸ் பேரிங். முதலாவதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

கே: ரேடியேட்டர் புதிது. கிளட்ச் செட் புதிது. இருந்தும் சிறு மேட்டில்கூட முள் ஏறுகிறது, கிளட்ச் வாசனையும் வருகிறது. இரண்டு பட்டறை பார்த்துவிட்டேன்.
– மீன் வியாபாரி, நாகப்பட்டினம்

ப: இரண்டு நோயும் ஒன்றாக வந்தால், இரண்டுக்கும் வெளியே ஒரு காரணம் தேடுங்கள். என் சந்தேகம் பிரேக். கடற்கரை ஊர், உப்பு நீர் சொட்டும் லோடு. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து, விட்டாலும் விடாமல் பிடித்திருக்கும், அல்லது வீல் சிலிண்டர் இறுகியிருக்கும். எஞ்சின் ஓயாமல் பிரேக்கோடு மல்லுக்கட்டுகிறது. அந்தச் சூடு ரேடியேட்டருக்கு வருகிறது, அந்த இழுப்பு கிளட்சின் தலையில் விடிகிறது. கொஞ்ச தூரம் பிரேக் அதிகம் மிதிக்காமல் ஓட்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். சந்தேகமிருந்தால் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

கே: ஒரு வண்டி பார்க்கப் போகிறேன். “ஸ்டார்ட் பண்ணி ரெடியா வெச்சிருக்கேன், வாங்க” என்கிறார் விற்பவர். நல்ல மனிதராகத் தெரிகிறது.
– புது முதலாளி, தேனி

ப: நல்ல மனிதர்தான். நாளை காலை வருகிறேன், தொடாமல் ஆறவிட்டு வையுங்கள் என்று சொல்லுங்கள். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, அதன் பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். உள்ளே குமிழி குமிழியாக வந்துகொண்டே இருந்தாலோ, ஆயில் மூடியின் அடியில் வெளுத்த பிசுக்கு இருந்தாலோ, ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். பிறகு ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, டாப் கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் திணறி நின்றால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் செட்டும் கூலியும் விலையில் கழியட்டும். இந்தச் சோதனையை ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள், வண்டி இன்னும் அவருடையது.